கோறைக் குற்றிக்குள் தேனீ

எந்த வீட்டுக்குப் போனாலும் நான் முதலில் மேலே பார்ப்பேன். கூரை மரம் நேராகக் கிடக்கிறதா, எங்கேனும் உளுத்திருக்கிறதா என்று கண் தானாகத் தேடும். கைக்கு எட்டினால் தட்டியும் பார்ப்பேன். "அம்மா சாமி கும்பிடுறா" என்று என் மூத்தவன் பகிடி பண்ணுவான். கும்பிடுவதும் பொய்யில்லை. மரம் 'டொம்' என்று சத்தம் கொடுத்தால் அந்த வீட்டில் ஒரு தேத்தண்ணீர் குடிக்கிற நேரம்கூட எனக்கு இருப்புக் கொள்ளாது.

இந்தப் பழக்கம் எங்கே தொற்றியது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். முன்பின்னாக எழுதிவிடுவேனோ என்று பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதைப் பார்த்தவர்களில் எழுதக்கூடியவள் இப்போது நான் ஒருத்திதான்.

எங்கள் வீடு சண்டிலிப்பாயில். அப்பா புகையிலைத் தோட்டக்காரர், எதையும் நூல் பிடித்துச் செய்கிறவர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், தெற்கே போகும் பாதை பூட்டப்பட்டு, குண்டு போடும் பொம்பர் விமானம் வருவது வெயில் மழை மாதிரி ஆகிவிட்ட காலத்தில், வீட்டுக்குப் பின்னால் நாங்கள் பதுங்கப் பங்கர் வெட்டினார். அதையும் நூல் பிடித்துத்தான் வெட்டினார். மேலே பனங்குற்றிகளை நெருக்கி அடுக்கி, அவற்றின்மேல் மண் நிரப்பிய உரப்பைகளை ஏற்றினார். எங்கள் வளவுப் பனைகள் போதவில்லை. வேலியோரம் ஷெல் பட்டுத் தலையறுந்து, பட்டுப்போய் நின்ற பனையையும் தறித்து மிஞ்சிய இடைவெளியை அடைத்தார். ஏற்றிய பிறகுதான் தெரிந்தது, அந்தக் குற்றி கோறை. வெளியே இரும்புபோல வைரம், உள்ளே இத்துப்போய் வெறும் குழல்.

"அவசரத்துக்குக் கிடக்கட்டும். நல்ல குத்தி ஒண்டு அம்பிட்டால் மாத்துவம்" என்றார் அப்பா. அவர் சொன்ன அந்த 'அவசரத்துக்கு' என்ற சொல் என் வயிற்றுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. எனக்கு அப்போது பத்துப் பதினொரு வயது இருக்கும்.

முதல்முறை பொம்பருக்குப் பயந்து உள்ளே ஓடி இருந்தபோதே, அந்தக் குற்றியில் இருந்த வெடிப்பை நான் பார்த்துவிட்டேன். வெடிப்பிலிருந்து மண்ணிறத்தில், மெழுகால் செய்ததுபோல ஒரு சின்னக் குழாய் கீழ்நோக்கி நீட்டிக்கொண்டிருந்தது. அதன் வாயைச் சுற்றிக் கறுப்பாய்ச் சின்னச் சின்னத் தலைகள். நான் கத்தினேன். அம்மா, மடியில் தம்பியோடு, என் வாயைப் பொத்தினாள், ஏதோ பொம்பருக்குக் கேட்டுவிடும் என்பதுபோல. சித்திதான் எழும்பி வந்து பார்த்தாள். வெளியே எங்கேயோ குண்டு விழுந்து நிலம் ஆடியது. சித்தி அண்ணாந்து நின்று சிரித்தாள்.

"இஞ்சை பார் குஞ்சு, ஆர் வந்திருக்கினம் எண்டு!"

அவை கொசுத்தேனீக்கள். எறும்பளவுதான் இருக்கும். கொட்டத் தெரியாது. மரப் பொந்துகளில் கூடு வைத்து, பிசினும் மெழுகும் கலந்து வாசலுக்குக் குழாய் கட்டும். பட்ட பனைக்குள் குடியிருந்தவை, மரத்தைத் தறித்ததும் தெரியாமல், குற்றியோடு குற்றியாகப் பங்கருக்கு வந்துவிட்டன. பழைய வாசலை உரப்பை மூடிவிட்டதால் வெடிப்பைப் பார்த்துப் புது வாசல் வைத்திருந்தன. அன்றிலிருந்து அவையும் எங்களைப் போலப் பங்கர்ப் படியால் போய் வரத் தொடங்கின.

சித்தியைப் பற்றிச் சொல்லவேண்டும். அம்மாவின் ஒரே தங்கை. பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்துவிட்டு எங்களோடு இருந்தாள். கூடப் படித்தவரோடு அவளுக்கு எழுத்து முடிந்திருந்தது. எங்கள் பக்கத்துக் கலியாணம் இரண்டு தவணையில் நடக்கும். முதலில் பதிவுகாரரை அழைத்துக் கையெழுத்து வைப்பது, அது எழுத்து. பிறகு நாள் பார்த்துத் தாலி கட்டுவது. எழுத்துக்கும் தாலிக்கும் நடுவில் பாதை பூட்டுப்பட்டுவிட்டது. அவர் வன்னிக் காட்டுப் பக்கம், சித்தி சண்டிலிப்பாயில். சட்டத்துக்கு அவள் பெண்சாதி, ஊருக்குக் குமர். அவரைச் 'சித்தப்பா' என்று சொல்ல என்னைப் பழக்கியிருந்தார்கள். ஆளை நான் இரண்டொரு தரம்தான் கண்டிருக்கிறேன். மெலிந்த மனிதர். பேசிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் ஒரு பூச்சி பறந்தால் பேச்சை விட்டுவிட்டுப் பின்னால் போய்விடுவார்.

அவர்கள் இருவரும் ஒரே ஆராய்ச்சியைத்தான் செய்தார்கள். காட்டு மரங்கள் பூக்கின்றன, அந்தப் பூ காயாவதற்கு எந்தப் பூச்சி வந்து போகவேண்டும்? காட்டை வெட்டினால் அந்தப் பூச்சி என்ன ஆகும், ஊர்த் தோட்டத்தில் வந்து பிழைத்துக்கொள்ளுமா? பாதை பூட்டிய பிறகு காட்டுப் பாதியை அவர் பார்த்தார், ஊர்ப் பாதியைச் சித்தி பார்த்தாள். கிளாலிக் கடலால் வள்ளத்தில் வந்துபோகும் யாராவது வாய்மொழியாகச் சேதி கொண்டுவருவார்கள். வீரை பூத்துவிட்டது, பாலைக்கு இந்த முறை பூச்சி குறைவு. காதல் சேதி இப்படியும் இருக்குமா என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

பூச்சி வராவிட்டால் என்ன நடக்கும் என்று பார்க்க, பூவை வலைத் துணியால் மூடிக் கட்டவேண்டும். கடையில் துணி ஏது? சித்தி எங்கள் நுளம்பு வலையில் ஒரு மூலையை வெட்டிப் பூசணிப் பூக்களுக்குச் சின்னச் சின்னப் பை தைத்துப் போட்டாள்.

"நுளம்பு கடிச்சு நாங்கள் சாக, உன்ரை பூசணிப் பூவுக்கு வலையோடி?" என்று அம்மா ஒரு கிழமை ஏசினாள்.

வலை கட்டின பூவெல்லாம் பிஞ்சோடு அழுகி விழுந்தன. கட்டாதவை காய்த்தன. அப்பா அழுகிய பிஞ்சை உள்ளங்கையில் வைத்துக் கனநேரம் பார்த்தார். "அப்ப இவ்வளவு நாளும் உந்தப் பூச்சியளுக்குக் கூலி குடுக்காமல் ஏமாத்திப்போட்டன் போலை" என்றார். அவர் பகிடி விடுவது அபூர்வம். அதனால் நினைவிருக்கிறது.

பங்கருக்குள் கூடு கிடைத்த பிறகு சித்திக்கு அதைப் பார்த்துக்கொண்டிருக்கப் பொம்பர் ஒரு சாட்டாகிவிட்டது. நாங்கள் தேவாரம் சொல்லுவோம். அவள் குழாய் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். திரும்பி வருகிற தேனீயின் பின்னங்காலில் ஒட்டியிருக்கும் பூந்தூளின் நிறத்தைப் பார்த்தால் அது எந்தப் பூவுக்குப் போய் வந்தது என்று சொல்லலாம். என்னையும் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொள்வாள்.

"உது என்ன கொண்டு வருது?"

"மஞ்சள்."

"மஞ்சள் எண்டால் எத்தினை மஞ்சள்! வெளிறின மஞ்சளோ, செம்மஞ்சளோ?"

"வெளிறினது."

"அப்ப தென்னம்பாளை. ஆரின்ரையோ வளவிலை பாளை வெடிச்சிருக்கு."

இப்படி, வெளியே தலைகாட்ட முடியாத நேரத்தில், வெளியே என்ன பூத்திருக்கிறது என்று நாங்கள் தெரிந்துகொண்டிருந்தோம். அந்த நேரத்துக்கு எனக்குப் பொம்பர் மறந்துபோகும். ஆனால் குற்றி மறக்காது. தேனீயைப் பார்க்க அண்ணாந்தால் குற்றியையும் பார்க்கத்தானே வேண்டும். ஆளில்லாத நேரத்தில் போய் விரலால் தட்டிப் பார்ப்பேன். மற்றக் குற்றிகள் சத்தமே தராது. இது மட்டும் 'டொம்' என்னும். இரவில் படுக்கையில் கிடந்தால் அந்தச் சத்தம் காதுக்குள் கேட்கும். அதன்மேல் அடுக்கியிருந்த மண் பைகளை நினைத்துப் பார்ப்பேன். அதற்கு நேரே கீழே நானும் சித்தியும் இருக்கிற இடம்.

அம்மாவுக்கும் அதே பயம். "இஞ்சாருங்கோ, உந்தக் குத்தியை எப்ப மாத்தப்போறியள்?" என்று சாப்பாட்டுக்கு ஒரு தரமாவது கேட்பாள்.

கடைசியில் இடிந்துபோன ஒரு வீட்டிலிருந்து நல்ல முதிரை மரம் ஒன்று அப்பாவுக்குக் கிடைத்தது. வண்டிலில் கொண்டுவந்து பங்கருக்குப் பக்கத்தில் போட்டார். பைகளை இறக்கி மரத்தைத் தூக்கிவைக்க அயலில் ஆட்களுக்கும் சொல்லிவிட்டார். நான் ஓடிப்போய் முதிரையைத் தட்டிப் பார்த்தேன். கல்.

சித்தி அப்பாவிடம் வந்து நின்றாள். "அத்தான், அவர் சித்திரைக்கு வாறன் எண்டு சொல்லிவிட்டவர். வந்து உந்தக் கூட்டை ஒருக்கால் பாக்கட்டும். பங்கருக்கை கூடு எண்டு சொன்னால் ஆள் நம்பாது. அதுக்குப் பிறகு நானே கிண்டி எடுத்துச் சிரட்டையிலை வைச்சுக் கட்டிறன்."

"பூச்சிக்காகப் பிள்ளையளின்ரை தலைக்கு மேலை கோறைக் குத்தியை வைச்சிருக்கேலாது, பிள்ளை" என்றார் அப்பா. கோபமில்லை. ஆனால் அதுதான் முடிவு. சித்தி வாதாடவில்லை. எனக்குச் சித்தியைப் பார்க்கப் பாவமாகவும் அப்பாவைப் பார்க்கச் சந்தோஷமாகவும் இருந்தது. சந்தோஷம்தான் கூட.

ஆட்கள் வரவேண்டிய நாளுக்கு முதல் நாள் மத்தியானம், அம்மா தந்த தேத்தண்ணீரை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். அப்பாவோடு கிணற்றடியில் ஒருவர் நின்றார். சைக்கிளில் சாமான் கட்டிக்கொண்டு கிளாலியால் வந்துபோகிறவர், முன்னரும் சேதி கொண்டுவந்திருக்கிறார். நான் கிட்டப் போகும்போது அவர் சொல்லிக்கொண்டிருந்தார்:

"...படுக்கிற நுளம்பு வலையையும் வெட்டி வீரைப் பூவிலை கட்டிப்போட்டார், அண்ணை. மரத்துக்கு மலேரியா வரப்போகுதோ எண்டு நாங்கள் பகிடி பண்ணினனாங்கள்."

என்னைக் கண்டதும் நிறுத்திவிட்டார். நான் மட்டும் சிரித்தேன். சித்தப்பாவும் சித்தியைப் போலவே விசர்தான் என்று எனக்குச் சந்தோஷத்தில் பெரிய புளுகம். அந்த மனிதர் தேத்தண்ணீரை வாங்கி, குடிக்காமல் வரம்பில் வைத்துவிட்டு, சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார். அப்பா மண்வெட்டியைக் கிணற்றுக்கட்டில் சாத்தினார். பிறகு வாளியைக் கிணற்றுக்குள் விட்டு, உடுத்த சாரத்தோடேயே, தலையில் தண்ணீர் வார்த்தார். வார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்னப்பா?"

"வெயில், மோள்" என்றார்.

வெயில்தான். நான் நம்பினேன். நம்பாமல் விட எனக்கு ஒரு காரணமும் இல்லை. சாவு என்றால் எப்படி இருக்கும் என்று அந்த வயதிலேயே எனக்குத் தெரியும். அந்த வருடங்களில் எங்கள் வீட்டுக்குச் சாவுச் செய்திகள் வந்தபடிதான் இருந்தன. செய்தி வந்தால் அம்மா ஒப்பாரி வைப்பாள். அயல் கூடும். அதற்குப் பிறகுதான் எல்லோரும் கிணற்றடிக்குப் போய் முழுகுவோம். அழுகை முதல், தண்ணீர் பிறகு. அந்த ஒழுங்கு மாறி நான் கண்டதில்லை. அழாமல் வார்த்தால் அது வெறும் குளிப்பு.

அன்று பின்னேரம் அப்பா முற்றத்தில் நின்று சொன்னார்: "நாளைக்கு ஆக்களை வரவேண்டாம் எண்டு சொல்லிப்போட்டன். குத்தி கிடக்கட்டும்."

"உங்களுக்கு என்ன விசரே?" என்று அம்மா கத்தினாள்.

"கிடக்கட்டும் எண்டு சொன்னனான்."

சித்தி சந்தோஷப்படுவாள் என்று திரும்பிப் பார்த்தேன். அவள் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அழுதேன். முதிரை மரம் வந்து கிடக்கும்போது, சொந்தப் பிள்ளைகளின் தலைக்கு மேல் கோறைக் குற்றியை விடுகிற அப்பா எங்கேயாவது உண்டா? அப்பாவுக்கு எங்களைவிடத் தேனீதான் பெரிது என்று தீர்மானித்து, அவரோடு கனநாள் கதைக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு மாற்றம் வந்தது. முந்தியெல்லாம் பொம்பர் வந்தால் அப்பா எங்களை உள்ளே அனுப்பிவிட்டுப் பங்கர் வாசலில் நின்று வானத்தைப் பார்ப்பார். இப்போது எங்களுக்கு முதலே உள்ளே இறங்கி, அந்தக் குற்றிக்கு நேர்கீழே, சுவரில் முதுகைச் சாய்த்து இருந்துவிடுவார். "நீங்கள் அங்காலை இருங்கோ" என்று என்னையும் சித்தியையும் மூலைக்குத் தள்ளுவார். அப்பாவும் தேனீ பார்க்கத் தொடங்கிவிட்டார் என்று நினைத்தேன். எங்களுடைய நல்ல இடத்தைப் பிடித்துக்கொண்டாரே என்று அதற்கும் ஒரு கோபம்.

சித்திரை வந்தது. சித்தப்பா வரவில்லை. சித்தி ஏன் என்று கேட்கவில்லை. மூலையிலிருந்து எட்டி எட்டி நிறம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குற்றி முறிந்தது ஒரு காலை நேரத்தில். குண்டு எங்கள் வளவில் விழவில்லை, பின்தோட்டத்துக்கும் அப்பால். ஆனால் நிலம் ஒருமுறை எழும்பி அமர்ந்தது. பெரிய சத்தம் வரும் என்று அத்தனை நாளும் காத்திருந்தேன். காய்ந்த ஓலை மட்டை முறிகிற அளவு சத்தம்தான் வந்தது. பிறகு மண். கண்ணைத் திறந்தபோது அப்பா நாலு காலில் நின்றார். குற்றியின் ஒரு பாதி அவருடைய வலது தோளில். அதன்மேல் பைகள்.

"தம்பியைத் தூக்கிக்கொண்டு போங்கோ. ஒவ்வொராளாய். தள்ளாதேங்கோ" என்றார். தோட்டத்தில் கூலியாட்களுக்குச் சொல்லுகிற அதே குரல். நான் அவருடைய வயிற்றுக்குக் கீழால் தவழ்ந்து போனேன். கூடு பிளந்து, தேனும் கறுத்த பிசினும் அவர் தலையில் வழிந்துகொண்டிருந்தன. தேனீக்கள் அவர் முகமெல்லாம் ஊர்ந்தன. இமையில், மூக்கில். அவை கொட்டவில்லை. அவரால் துடைக்கவும் முடியவில்லை.

அயலவர்கள் வந்து பைகளை இழுத்து எடுத்தார்கள். லான்மாஸ்டர் உழவு மெஷினில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். உயிர் தப்பியது, தோள் தப்பவில்லை. அதற்குப் பிறகு அந்தக் கையால் அவர் ஒரு வாளி தண்ணீர் அள்ளவில்லை. தண்ணீர் அள்ளமுடியாத மனிதருக்குப் புகையிலைத் தோட்டம் என்ன செய்யும்? கொஞ்சக் காலம் இழுத்துப் பார்த்துவிட்டு நான் பள்ளிக்கூடக் கொப்பியைக் கட்டிவைத்துவிட்டு வாளியைப் பிடித்தேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து நாங்கள் திரும்பியபோது கூட்டை எறும்பு மொய்த்திருந்தது. மிஞ்சியதைச் சித்தி சிரட்டைக்குள் வைத்துக் கட்டித் தொங்கவிட்டாள். இரண்டொரு நாள் தேனீக்கள் குற்றி கிடந்த இடத்தையே சுற்றின. பிறகு அவையும் இல்லை. கட்டிலில் கிடந்த அப்பா கேட்டார்: "பூச்சி என்ன பாடு, பிள்ளை?"

"இருக்குதுகள், அத்தான். சிரட்டைக்கை குழாய் வைக்கத் துவங்கீட்டுதுகள்" என்றாள் சித்தி.

அன்றுதான் அம்மாவுக்கு அடக்கமுடியாமல் போனது. அடுப்படியில் சித்தியின் தோளைப் பிடித்து உலுப்பினாள். "வராத மனுசன் வந்து பாக்கட்டும் எண்டோடி இந்தக் குத்தி கிடந்தது? உன்ரை அவர் காச்சலிலை அங்கையே போயிட்டாரடி! இவர் உனக்குச் சொல்லக்கூடாது எண்டு என்னையும் சத்தியம் பண்ண வைச்சவர். ஆளும் இல்லை, அவருக்கெண்டு நீ வைச்சிருந்த கூட்டையும் கலைக்கிறதோ எண்டுதான் குத்தியை விட்டவர்..."

"தெரியும் அக்கா" என்றாள் சித்தி.

அம்மாவின் கை அப்படியே நின்றது. "ஆர் சொன்னது?"

சித்தி குனிந்து அடுப்புக்குள் விறகைத் தள்ளினாள். அம்மா அத்தனை மாதம் தொண்டைக்குள் வைத்திருந்த ஒப்பாரியைத் தொடங்கினாள். அயல் கூடியது. யாரோ ஒரு மனிசி சித்தியின் கையைப் பிடித்து, "எழும்பு பிள்ளை, வந்து முழுகு" என்றாள்.

"நான் எப்பவோ முழுகீட்டன், மாமி" என்றாள் சித்தி.

துக்கத்தில் ஏதோ உளறுகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நானும்தான். அவள் உளறவில்லை என்பது, இரண்டு பிள்ளை பெற்ற பிறகு, ஒருநாள் வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு சாவுச் செய்தியைக் கேட்டுவிட்டு, அழாமல், நான் தனியே கிணற்றடியில் தலைக்கு வார்க்கப் போனபோதுதான் எனக்கு உறைத்தது. வாளி கையிலிருந்து வழுகி உள்ளே விழுந்துவிட்டது.

குத்தி கிடக்கட்டும் என்று அப்பா சொன்ன அந்தப் பின்னேரம். நான் அழுது முடித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு சித்தியிடம் போனேன். சித்தி வலைத் துணியில் பூப்பை தைத்துக்கொண்டிருந்தாள். யாரோடாவது கதைக்கவேண்டும்போல இருந்தது. மத்தியானம் கேட்ட பகிடி நினைவுக்கு வந்தது.

"சித்தி, சித்தப்பாவும் உங்களைப் போலைதானாம். படுக்கிற நுளம்பு வலையை வெட்டிப் பூவிலை கட்டினவராம்."

ஊசி நின்றது. "ஆர் சொன்னது?"

"கிளாலியாலை வாற ஆள். தோட்டத்துக்கு வந்தவர். மரத்துக்கு மலேரியா வரப்போகுதோ எண்டு எல்லாரும் பகிடியாம்."

"அப்பா என்ன சொன்னவர்? சிரிச்சவரோ?"

"இல்லை. அப்பா முழுகினவர். சாரத்தோடை. நல்ல வெயில்."

சித்தி ஊசியைத் துணியில் குத்தி, துணியை மடித்து, மடித்ததை இன்னொரு தரம் மடித்து வைத்தாள். எழும்பிக் கிணற்றடிக்குப் போனாள். வாளி தண்ணீரில் விழுகிற சத்தம் கேட்டது. கனநேரம் கேட்டது. நான் துவாயை எடுத்துக்கொண்டு போனேன். உடுத்த உடுப்போடு நின்று அவள் வாளி வாளியாகத் தலையில் வார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை.

"சித்தி, பொழுது பட்டுப்போச்சு. தும்மலும் தடிமனும் பிடிக்கப்போகுது."

"ஓம் குஞ்சு. இன்னும் ஒரு வாளி."

பிறகும் வார்த்தாள். பங்கர்ப் பக்கம் இருட்டத் தொடங்கியிருந்தது. நான் துவாயை நனையாமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு அன்றைக்கு இரண்டே இரண்டு கவலைதான். ஒன்று, தலைக்கு மேல் கிடக்கப்போகிற அந்தக் குற்றி. மற்றது, சித்திக்குத் தடிமன் பிடித்துவிடும் என்பது.